பந்தைத் தொடலாம், குவளை மட்டும் தனி! யார் இந்த பல்வங்கர் பாலு?

புனே நகரம், 1890-கள். கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே தேநீர் இடைவேளை விடுகிறார்கள். வீரர்கள் பெவிலியனுக்குள் போய் உட்கார்கிறார்கள். பீங்கான் கோப்பைகளில் டீ வருகிறது. ஒருவர் மட்டும் வெளியே நிற்கிறார். அவருக்கும் டீ உண்டு. ஆனால் மண் குவளையில். குடித்து முடித்ததும் அந்தக் குவளையை வீசிவிட வேண்டும்.

இடைவேளை முடிந்ததும் எல்லோரும் மைதானத்துக்குத் திரும்புகிறார்கள். இப்போது பந்து, வெளியே நின்றவரின் கையில். அவர் வீசிய பந்தை விக்கெட் கீப்பர் பிடிக்கிறார், ஸ்லிப்பில் நிற்பவருக்குப் போடுகிறார், அங்கிருந்து கை மாறிக் கை மாறி மறுபடி அவரிடமே வந்து சேர்கிறது. பந்தில் மட்டும் யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை.

வெளியே நின்றவர் பெயர் பல்வங்கர் பாலு. இந்திய கிரிக்கெட்டின் முதல் பெரிய பந்துவீச்சாளர் என்று வரலாற்றாளர்கள் இவரைச் சொல்கிறார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குவளை புதிது இல்லை. ஒரே டீக்கடையில் ஊர்க்காரர்களுக்கு ஒரு டம்ளர், தலித்துகளுக்கு வேறு டம்ளர் என்கிற இரட்டைக் குவளை முறைக்கு எதிராகக் கொங்கு மண்டலத்தில் எத்தனையோ போராட்டங்கள் நடந்திருக்கின்றன. வழக்கு வரும் என்ற பயம் வந்த பிறகு, சில கடைகளில் அது வேறு உருவம் எடுத்தது. சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்குக் குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற கப். புனேவின் மண் குவளையும் அதே ரகம்தான்.

திறமை இருந்தால் விளையாட்டில் சாதி, நிறம் எதுவும் நிற்காது என்று பலரும் நம்புகிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்பவர்களுக்கு, பாலுவின் வாழ்க்கையைவிடத் தெளிவான பதில் கிடைப்பது கஷ்டம்.

மூன்று ரூபாய் சம்பளம்

பாலு பிறந்தது 1876-ல், கர்நாடகத்தின் தார்வாடில். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கடற்கரைப் பக்கம் உள்ள பல்வன் என்ற ஊர். பல்வங்கர் என்ற குடும்பப் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. தோல் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட சமார் சமூகம். அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை. அதனால்தான் குடும்பம் புனேவுக்கு வந்தது.

அங்கே ராணுவ அதிகாரிகள் விளையாடிவிட்டு ஒதுக்கிப் போட்ட பழைய மட்டை, பழைய பந்துகளை வைத்துக்கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினார்கள். பயிற்சியாளர் கிடையாது, கிளப்பும் கிடையாது.

பாலுவுக்குக் கிடைத்த முதல் வேலை, பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் மைதானம் பெருக்குவது, ரோலர் இழுப்பது. மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் புனே கிளப்புக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாய் ஆனது. ஆடுகளத்தைத் தயார் செய்யணும், வலை கட்டணும், நேரம் கிடைத்தால் வலைப்பயிற்சியில் பந்தும் வீசணும். இன்றைய மொழியில் சொன்னால் கிரவுண்ட்ஸ்மேன் பாதி, நெட் பவுலர் பாதி.

அந்தக் கிளப்பின் பெரிய பேட்ஸ்மேன் ஜே.ஜி.கிரெய்க் என்ற ராணுவ அதிகாரி. தினமும் மற்றவர்களுக்கு முன்பே வந்து, பாலுவைப் பந்துவீசச் சொல்லி மணிக்கணக்கில் பயிற்சி எடுப்பார். தன்னை ஒருமுறை அவுட் ஆக்கினால் எட்டணா தருவார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கணக்கு எப்படியோ, கிரெய்க்கின் பேட்டிங் மெருகேறிய அதே வலையில் பாலுவின் இடது கை சுழற்பந்தும் கூர்மையானது.

ஒரு விஷயம் மட்டும் அந்த வலையில் நடக்கவே இல்லை. பாலுவின் கையில் யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமார்களின் வேலை, பந்து போடுவது வேலைக்காரனின் வேலை. வெள்ளையரின் நிறவெறிக்குத் தனியாக அறிவிப்புப் பலகை தேவைப்படவில்லை. யார் என்ன செய்யலாம் என்பதிலேயே அது இருந்தது.

இரண்டு சுவர்கள்

பாலு தாண்ட வேண்டியிருந்தது ஒரு சுவர் அல்ல, இரண்டு.

முதல் சுவர் நிறம். இது மதராஸிலும் இருந்தது. சேப்பாக்கத்தில் இருந்த மதராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுக்கானது. அங்கே ஆட வந்த இந்திய வீரர்களுக்குப் பெவிலியனில் இடம் கிடையாது. மரத்தடியில்தான் சாப்பாடு. அந்த அவமானம் பொறுக்காமல், 1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியவர் புச்சி பாபு. வசதியில்லாத பையன்களுக்கு மட்டையும் உடையும் வாங்கிக் கொடுத்து ஆடவைத்தார். இன்றும் அவர் பெயரில் கிரிக்கெட் தொடர் நடக்கிறது.

இரண்டாவது சுவர் சாதி. இது பாலுவின் சொந்த அணிக்குள்ளேயே இருந்தது. அந்தக் காலத்தில் அணிகள் மதம், இனம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. ஐரோப்பியர் அணி, பார்சி அணி, இந்து அணி. பின்னாளில் முஸ்லிம் அணி. புனேவின் இந்து அணிக்கு ஐரோப்பியரை வீழ்த்த வேண்டும் என்ற வெறி. அதற்கு வேண்டிய பந்துவீச்சாளர் அதே ஊரில், அதே ஐரோப்பியரின் வலையில் பந்து போட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அவரைச் சேர்த்துக்கொள்ள உயர்சாதி உறுப்பினர்கள் பலருக்கு மனசு வரவில்லை. கிளப்பில் இருந்த தெலுங்கு உறுப்பினர்கள் சிலர் பாலுவுக்காகப் பேசினார்கள். பாலுவை ஒதுக்கினால் இந்துக்களுக்குத்தான் நஷ்டம் என்ற பொருளில் கிரெய்க்கும் வெளிப்படையாகச் சொன்னார்.

கடைசியில் பாலு சேர்க்கப்பட்டார். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை, தீட்டு என்ற பயத்தை வென்றது. ஆனால் மைதானத்தின் எல்லைக்கோடு வரைக்கும்தான். கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் மண் குவளை, தனித் தட்டு, தனி மேசை. கை, முகம் கழுவ வேண்டுமென்றால்கூட, தண்ணீர் ஊற்ற இன்னொரு தலித் பணியாளர் வரவேண்டும்.

தோல் பறியும் தோல் பந்தும்

இதைக் கொங்கு நாட்டுக்காரர்கள் சட்டென்று புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மின்சார மோட்டார் வருவதற்கு முன்பு, இந்தப் பகுதியின் ஆழமான கிணறுகளிலிருந்து மாடு கட்டி, கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது தோல் பறி. அதைத் தைத்துக் கொடுத்தவர்கள், பழுது பார்த்தவர்கள் அருந்ததியர்கள். அந்தப் பறியில் வந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. ஆனால் பறியைத் தைத்தவர் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுக்க முடியாது.

கிரிக்கெட் பந்தும் தோல்தான். பாலுவின் சமூகமும் தோல் தொழில் செய்த சமூகம்தான். அவர் உழைப்பு எல்லோருக்கும் வேண்டும். அவர் தொட்ட பந்து பரவாயில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது மட்டும் கூடாது. ஊர்க் கிணற்றில் என்ன நடந்ததோ, அதேதான் மைதானத்திலும் நடந்தது.

இதை உடைக்கப் பேசியவர்களும் இருந்தார்கள். ஐரோப்பியர் அணிகளுக்கு எதிரான வெற்றிகளுக்குப் பிறகு பாலுவுக்குப் பாராட்டுக் கூட்டங்கள் நடந்தன. சமூகச் சீர்திருத்தவாதியும் நீதிபதியுமான எம்.ஜி.ரானடே, கூட விளையாடத் தெரிந்தவர்களுக்குக் கூட உட்கார்ந்து சாப்பிட என்ன தடை என்ற பொருளில் புனே வீரர்களைக் கண்டித்தார்.

109 ரன் வெற்றி

புனேவைப் பிளேக் நோய் உலுக்கிய காலத்தில் பாலு பம்பாய்க்குப் போனார். ரயில்வேயில் வேலை கிடைத்தது. பி.ஜே.இந்து ஜிம்கானா அணியில் இடமும் கிடைத்தது. இங்கேயும் ஆரம்பத்தில் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் பெரிய நகரத்தின் காற்று கொஞ்சம் வேறு. கொஞ்சம் கொஞ்சமாகச் சக வீரர்களோடு சேர்ந்து சாப்பிடும் இடமும் அவருக்குக் கிடைத்தது. தம்பிகள் சிவராம், விட்டல், கண்பத் ஆகியோரும் பின்னாலேயே கிரிக்கெட்டுக்கு வந்தார்கள்.

1906 பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினார்கள். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. இந்துக்களுக்கு 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பாலுவின் சுழல் இந்த வெற்றியில் பெரும் பங்கு வகித்தது. வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆளும் வெள்ளையரை அவர்களின் ஆட்டத்திலேயே தோற்கடித்தது நாடு முழுக்கப் பேச்சானது.

அந்த வெற்றியில் இன்னொரு வெற்றியும் இருந்ததைக் கவனித்தது ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ வார இதழ். அதன் ஆசிரியர் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த காமாட்சி நடராஜன். 1890-ல் மதராஸில் தொடங்கிய இதழ் பின்னர் பம்பாய்க்கு மாறியிருந்தது. ஒதுக்கப்பட்ட சமூகத்தின் சகோதரர்களை ஜிம்கானா ஏற்றுக்கொண்டது, மற்ற பல சீர்திருத்த முயற்சிகளைவிட இளைஞர்களின் மனசை அதிகமாக மாற்றியிருக்கிறது என்று அந்த இதழ் மதிப்பிட்டது.

ஒப்பீட்டுக்கு ஒரு தகவல். அமெரிக்கப் பேஸ்பாலின் நிறத் தடையை ஜாக்கி ராபின்சன் உடைத்தது 1947-ல். பாலு இந்து அணிக்குள் நுழைந்தது அதற்குச் சுமார் 50 வருஷம் முன்பு.

இங்கிலாந்தில் 114 விக்கெட்

1911-ல் முதல்முறையாக ஓர் அகில இந்திய அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. பார்சி, இந்து, முஸ்லிம் வீரர்கள் கலந்த அணி. கேப்டன், பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19. அணியில் பாலுவும் இருந்தார், தம்பி சிவராமும் இருந்தார். பாலுவுக்கு அப்போது 35 வயது. தோள்பட்டை வலியும் கூடவே இருந்தது.

அணியின் ஆட்டம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 23 ஆட்டங்களில் 6 வெற்றி, 15 தோல்வி, 2 டிரா. மகாராஜா பாதி நாள் விருந்துகளில் இருந்தார். சுமையெல்லாம் பாலுவின் தோளில். அந்த வலிக்கிற தோளை வைத்துக்கொண்டு அந்தப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். சராசரி 18.84. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட். முதல்தர ஆட்டங்களில் கிடைத்த இரண்டே வெற்றிகள் லெஸ்டர்ஷயருக்கும் சாமர்செட்டுக்கும் எதிரானவை. முதலாவதில் பாலுவின் விக்கெட்டுகள், இரண்டாவதில் சிவராமின் ஆட்டமிழக்காத சதம்.

திரும்பி வந்ததும் பம்பாயில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் பாலுவுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். அதில் வாசிக்கப்பட்ட வரவேற்பு மடலை எழுதியவர் ஒரு கல்லூரி மாணவர் என்று வரலாற்றாளர்கள் பதிவு செய்கிறார்கள். அவருக்கு வயது 20. பெயர் பீம்ராவ் அம்பேத்கர். தன் சமூகத்திலிருந்து ஒருவர் உலகம் பார்க்க ஜெயிக்க முடியும் என்பதற்கு அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த கண்முன் சாட்சி பாலு.

கேப்டன் நாற்காலி மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

இப்போது பாலுதான் அணியின் மூத்தவர், அதிக விக்கெட் எடுத்தவர், இங்கிலாந்து வரை போய் வந்தவர். வேறு யாராக இருந்தாலும் கேப்டன் பதவி தேடி வந்திருக்கும். பாலுவுக்கு வரவில்லை. 1910 தொடங்கி கிட்டத்தட்ட வருஷா வருஷம் இந்தக் கோரிக்கை எழுந்தது. வருஷா வருஷம் உயர்சாதிக்காரர் ஒருவரே கேப்டன் ஆனார். 1913-ல் கேப்டனாக இருந்த எம்.டி.பை, இந்த மரியாதை பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்பதைப் பொது மேடையிலேயே ஒப்புக்கொண்டார். தேர்வாளர்கள் அசையவில்லை.

பந்துவீசுவது உழைப்பு. அதைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். கேப்டன் பதவி என்பது அதிகாரம். ஒரு தலித் கை காட்டிய இடத்தில் உயர்சாதி வீரர் போய் நிற்க வேண்டும். மண் குவளை போய்விட்டது. ஆனால் மண் குவளை இருந்த மனசு அப்படியே இருந்தது.

1920-ல் விஷயம் வெடித்தது. அந்த வருஷத் தொடரின் முதல் ஆட்டத்துக்கான அணியிலிருந்து பாலு நீக்கப்பட்டார். அவருக்கு 44 வயது, அதனால் நீக்கினோம் என்று ஒரு வாதம் சொல்லலாம். ஆனால் கேப்டன் பை உடல்நிலை காரணமாக ஆட முடியாதபோது, அந்த இடம் யாருக்குப் போனது? நல்ல ஃபார்மில் இருந்த மூத்த பேட்ஸ்மேன் விட்டல் இருக்கும்போது, அவரைத் தாண்டி டி.பி.தேவ்தருக்குப் போனது. தேவ்தர் நல்ல வீரர்தான். ஆனால் விட்டலைத் தாண்டியதற்குக் காரணம் ஆட்டமா, சாதியா என்பதில் சகோதரர்களுக்குச் சந்தேகமே இல்லை.

விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். சும்மா விலகவில்லை. தேர்வில் சாதி பார்க்கப்படுகிறது என்று பகிரங்கமாக அறிக்கை விட்டுவிட்டு விலகினார்கள். காந்தி தீண்டாமைக்கு எதிராகத் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்த காலம். பம்பாய் முழுக்க விவாதம் கிளம்பியது. ரசிகர்களில் பலர் சகோதரர்கள் பக்கம் நின்றார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முன்பு ஜிம்கானா இறங்கி வந்தது. பாலு மீண்டும் அணியில், அதுவும் துணை கேப்டனாக. தம்பிகளும் திரும்பினார்கள். ஆட்டத்தின்போது கேப்டன் பை மைதானத்தை விட்டு வெளியேறி, அணியை வழிநடத்தும் பொறுப்பைக் கொஞ்ச நேரம் பாலுவிடம் விட்டார். அத்தனை வருஷ உழைப்புக்குப் பாலுவுக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான்.

ஆனால் கதவு திறந்துவிட்டது. 1923-ல் விட்டல் இந்து அணியின் கேப்டன் ஆனார். ஐரோப்பியரை வீழ்த்திக் கோப்பையும் வென்றார். உயர்சாதி வீரர்களே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணனோடு ஒரே மேசையில் உட்காரத் தயங்கிய ஒரு தலைமுறை இருந்தது. தம்பியைத் தோளில் சுமந்த இன்னொரு தலைமுறை வந்தது.

பாலு தன் ஆட்டத்தால் இருபது வருஷமாக நிரூபித்துக்கொண்டே இருந்தார். தேர்வாளர்கள் அதை ரசித்தார்கள், பயன்படுத்திக்கொண்டார்கள், மாறவில்லை. தம்பிகள் ஒருமுறை விலகி நின்று காரணத்தை ஊரறியச் சொன்னதும் அதே தொடரிலேயே முடிவு மாறியது. திறமைக்கு உள்ளே போகும் சக்தி இருக்கிறது. உள்ளே போனபின் மரியாதையைக் கேட்டு வாங்க, கூட நிற்க ஆள் வேண்டும்.

அம்பேத்கருக்கு எதிராகப் போட்டியிட்டாரா?

ஆமாம். பாலுவின் கதையில் சங்கடமான பகுதி இதுதான்.

1932-ல், ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி தேவை என்பது அம்பேத்கரின் நிலை. காந்தி அதை எதிர்த்து எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். பாலு காந்தி பக்கம் நின்றார். அந்த ஆண்டு செப்டம்பர் 24-ல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன், சேலத்தில் வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்த ராஜாஜி ஆகியோரும் கையெழுத்திட்டார்கள். தனித்தொகுதி போனது. பதிலாக, மாகாண சபைகளில் ஒடுக்கப்பட்டோருக்கான இடங்கள் 71-லிருந்து 148 ஆனது. அதில் மதராஸ் மாகாணத்துக்கு 30.

1937 தேர்தலில் காங்கிரஸ், அம்பேத்கருக்கு எதிராகப் பாலுவை நிறுத்தியது. ஒரு காலத்தில் தனக்கு வரவேற்பு மடல் எழுதிய மாணவருக்கு எதிராக அவர் களம் இறங்கினார். அம்பேத்கர் 13,245 வாக்குகள், பாலு 11,225. பாலு தோற்றார்.

இதைத் துரோகம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது எளிது. பாலுவின் அனுபவம் வேறு மாதிரி. அவர் வாழ்க்கையில் கிடைத்ததெல்லாம் இந்து அணிக்கு உள்ளே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, மற்றவர்களின் மனமாற்றத்தால் கிடைத்தது. அதையே அரசியலுக்கும் வழி என்று அவர் நம்பினார். அம்பேத்கரோ, மனமாற்றத்துக்காகக் காத்திருக்க முடியாது, உரிமை சட்டமாக வேண்டும் என்றார். 1920-ல் தம்பிகள் செய்தது இந்த இரண்டாவது வழிக்குத்தான் நெருக்கம். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வழிகளும் இருந்தன.

அந்த விவாதம் கொங்குக்கும் தூரமில்லை. 1920-களில் கோவையைச் சேர்ந்த ஆதிதிராவிடத் தலைவர் ஆர்.வீரையன், பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்று மதராஸ் சட்டசபையில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நெட் பவுலரிலிருந்து டெஸ்ட் வரை

பாலுவின் காலத்துக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு சுற்றுப்பயணம் போதும். 2020-21 ஆஸ்திரேலியப் பயணம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் கூலித் தொழிலாளி குடும்பத்தில் பிறந்த டி.நடராஜன், அந்தப் பயணத்துக்கு நெட் பவுலராகத்தான் அழைத்துச் செல்லப்பட்டார். பயணம் முடிவதற்குள் ஒருநாள், டி20, டெஸ்ட் என்று மூன்றிலும் அறிமுகமாகிவிட்டார். ஒரே சுற்றுப்பயணத்தில் இதைச் செய்த முதல் இந்தியர் அவர். வலைக்கும் மைதானத்துக்கும் நடுவே பாலு தாண்ட வேண்டியிருந்த அந்தச் சுவர், சின்னப்பம்பட்டி பையனுக்கு இல்லை.

அதே பயணத்தில், 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டின்போது, முகமது சிராஜையும் ஜஸ்பிரீத் பும்ராவையும் பார்வையாளர்கள் சிலர் இனவெறியோடு வசைபாடினார்கள் என்று இந்திய அணி புகார் செய்தது. சிராஜ் கேப்டன் ரஹானேவிடம் சொன்னார். ரஹானே நடுவர்களிடம் போனார். ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆறு பார்வையாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. பாதிக்கப்பட்டவர் வாய் திறக்க முடிந்தது. கேப்டன் அதை அலட்சியம் செய்யவில்லை. நடுவருக்கு ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் இருந்தது. சக வீரர்கள் சுற்றி நின்றார்கள். வீரரின் மனநலம் என்று இன்று பேசப்படும் விஷயம் உண்மையில் தொடங்குவது இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அடுத்த பந்தைப் போடு என்று ஒருவரிடம் சொல்லாமல் இருப்பது. புனே பெவிலியனுக்கு வெளியே நின்ற பாலுவுக்கு இந்த வரிசையில் ஒரு கண்ணிகூட இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றபோது, வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் ஹரித்வார் வீட்டு முன்பு சிலர் பட்டாசு வெடித்துச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். அதே ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் கோல் அடித்தவர் அவர். ஜெயித்தால் நாட்டின் மகள், தோற்றால் சாதி.

உதவி என்பது என்ன என்பதற்கும் சின்னப்பம்பட்டியில் ஓர் அடையாளம் இருக்கிறது. நடராஜன் தன் சொந்த ஊரில் கட்டிய கிரிக்கெட் மைதானம் 2023-ல் திறக்கப்பட்டது. பாலு பழகியது அடுத்தவர் ஒதுக்கிய மட்டையில், அடுத்தவர் மைதானத்தில். சொந்த ஊரிலேயே ஆட ஓர் இடம் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

ஒரு மாத இடைவெளி

முதல்தர ஆட்டங்களில் பாலு எடுத்தது 179 விக்கெட். 33 ஆட்டங்களில். சராசரி 15.21. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல். அதற்கு ரொம்ப முன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டதால், டெஸ்ட் பட்டியல்களில் அவர் பெயர் இருக்காது.

1955 ஜூலை 4-ல் பம்பாயில் பாலு காலமானார். அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, ஜூன் 1-ல், தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்திருந்தது. பின்னாளில் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது இதுதான். கோயில், கிணறு, சாலை என்று வரிசையாகச் சொல்லும் அந்தச் சட்டம், உணவகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களை ஒருவர் பயன்படுத்தவிடாமல் தீண்டாமை காரணமாகத் தடுப்பதையும் குற்றம் என்கிறது.

அதாவது, தனிக் குவளை குற்றம்.

பாலு முதன்முதலில் மண் குவளையில் டீ குடித்து ஐம்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, அதைச் சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. அந்தச் சட்டம் வந்தும் எழுபது வருஷம் ஆகிவிட்டது. கொங்குக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்து, இரண்டு தெருப் பையன்களும் ஒன்றாகவே டீக்கடைக்கு நடக்கிறார்கள். கடைக்காரர் எத்தனை விதமான டம்ளரை எடுத்து வைக்கிறார் என்பதில்தான் பாலுவின் ஆட்டம் இன்னும் முடியாமல் இருக்கிறது.